சல்பை தேத்தண்ணி இருக்கட்டும், அந்த எண்ணெய்ப் போத்தலை எடுத்து வையுங்கள்

ஜேர்மனியில் இருந்து ஒரு சகோதரி ஐந்து பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடியவற்றை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 47 வயது. முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. மூன்று வருடத்துக்கு முன் ஒரு குளிர்காலத்தில் குரல் அடைத்துக்கொண்டபோது, கூட வேலை செய்யும் ஜேர்மன் பெண் சல்பை (ஆங்கிலத்தில் சேஜ்) இலையில் தேத்தண்ணி போட்டுக் கொடுத்திருக்கிறார். சுகம் தெரிந்தது. அன்றிலிருந்து வீட்டில் சல்பை தீர்ந்ததே இல்லை. துருக்கிக் கடையில் கட்டாக வாங்குகிறார், பால்கனித் தொட்டியிலும் ஒன்று வளர்க்கிறார். இப்போது நாளுக்கு ஐந்து ஆறு கோப்பை. இணையத்தில் தேடி வாசித்ததில், சல்பையில் அன்ரிஒக்சிடன்ட் ஏராளம், மருந்துக்கு அடங்காத பக்டீரியாவைக்கூட அது கொல்லும் என்று அறிந்திருக்கிறார். "அப்ப இவ்வளவு நாளும் எதுக்கு அன்ரிபயோட்டிக் குடிச்சம்?" என்று கேட்கிறார்.

அந்தக் கேள்வி வீட்டில் நாலு பேரைத் தொட்டிருக்கிறது. 11 வயது மகனுக்குத் தொண்டை நோவும் காய்ச்சலும் வந்தன. பிள்ளை வைத்தியர் பஞ்சுக்குச்சியால் தொட்டுப் பார்த்து, ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமி என்று சொல்லி ஏழு நாளுக்கு பென்சிலின் எழுதினார். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் தாய் மருந்தை நிறுத்திவிட்டு, இணையத்தில் வாங்கிய சல்பை எண்ணெயில் இரண்டு துளியைத் தேனில் குழைத்துக் கொடுத்தார். "நெஞ்சு எரியுது" என்று பிள்ளை சொன்னதால் அடுத்த நாள் கொடுக்கவில்லை. 71 வயது மாமிக்குச் சலரோகமும் பிறஷரும். அவர் காலைக் குளிசையை விட்டுவிட்டு சல்பை குடிக்கிறார். நாலு மாதக் கைக்குழந்தையோடு வந்து நிற்கும் தங்கச்சியும் அக்காவோடு சேர்ந்து குடிக்கிறார். பால் குறைகிறது என்று அவருக்குக் கவலை. கடிதம் எழுதிய சகோதரிக்கோ மாதவிடாய் தள்ளித் தள்ளி வருகிறது, இரவில் உடம்பு கொதித்து வேர்க்கிறது. கடைசி வரி இது: "எங்கட கற்பூரவள்ளி மாதிரித்தானே டொக்டர், இலைதானே, என்ன செய்துவிடப் போகுது?"

அன்புள்ள சகோதரிக்கு,

மகனைப் பற்றி நீங்கள் எழுதியது இந்தப் பத்தி வெளிவரும்வரை காத்திருக்கக் கூடிய விஷயம் இல்லை. அதனால்தான் கடிதம் வாசித்த அன்றே உங்களுக்குத் தனியாக மூன்று வரி அனுப்பினேன். பிள்ளை வைத்தியரை அழைத்து நாலு நாள் மருந்து விடுபட்டதைச் சொல்லுங்கள், மிச்ச மருந்தை நீங்களாகத் தொடங்க வேண்டாம், அந்த எண்ணெயை இனி யார் வாயிலும் வைக்க வேண்டாம் என்று. அன்றே அழைத்துவிட்டதாகப் பதில் போட்டிருந்தீர்கள். நல்லது. இனி ஆறுதலாகப் பேசலாம்.

முதலில் ஒன்று. உங்களைத் திட்ட எனக்கு எந்தக் காரணமும் இல்லை. எங்கள் வீட்டில் தடிமன் என்றால் மல்லித்தண்ணிதான் முதல் வைத்தியர். இங்கே அந்த இடத்தில் சல்பை இருக்கிறது. சும்மா வந்த பெயரும் இல்லை. லத்தீனில் சால்வியா என்ற பெயரே சுகமாயிருத்தல் என்ற சொல்லில் இருந்து பிறந்தது. தோட்டத்தில் சல்பை வளர்க்கிற மனிதன் ஏன் சாக வேண்டும் என்று இடைக்கால ஐரோப்பாவில் ஒரு சொலவடை இருந்தது. அதற்கு அடுத்த வரியையும் அவர்களே சேர்த்துவிட்டார்கள்: சாவுக்கு மருந்து எந்தத் தோட்டத்திலும் இல்லை என்று. முதல் வரியை மட்டும் எடுத்துப் போடுகிறவர்கள்தான் இணையத்தில் அதிகம்.

உங்கள் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றப் பிழைகள் எல்லாம் அதிலிருந்துதான் முளைத்திருக்கின்றன. கற்பூரவள்ளி, துளசி, புதினா, சல்பை எல்லாம் ஒரே குடும்பம், சரிதான். சதுரத் தண்டு, எதிர் எதிராக இலை, கசக்கினால் வாசம். ஆனால் அந்த வாசம் எதனால் வருகிறது என்பது செடிக்குச் செடி வேறு. கற்பூரவள்ளி எண்ணெயில் பெரும்பங்கு கார்வக்ரோல், தைமோல், அதாவது ஓம வாசம். சல்பை எண்ணெயில் முன்னால் நிற்பது துஜோன் என்ற பொருள். மூளையின் நரம்புகளைக் கட்டிப்போட்டு அமைதிப்படுத்தும் ஒரு பூட்டு இருக்கிறது, காபா என்று பெயர். துஜோன் அந்தப் பூட்டைத் திறந்துவிடும். அளவு மிஞ்சினால் வலிப்பு. கற்பூரவள்ளி இலையைப் பிழிந்து பிள்ளைக்குக் கொடுத்துப் பழகிய கை, அதே துணிச்சலில் சல்பை எண்ணெயை எடுக்கக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

கண்ணாடித் தட்டில் செத்த கிருமி

நீங்கள் வாசித்தது பொய் இல்லை. சல்பைச் சாறும் எண்ணெயும் பக்டீரியாவைக் கொல்வதை ஆய்வுகூடங்களில் பல தடவை கண்டிருக்கிறார்கள். வட்டமான கண்ணாடித் தட்டில் கிருமியைப் பரப்பி, சாற்றில் தோய்த்த சின்னக் காகித வில்லையை நடுவில் வைப்பார்கள். மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத ஒரு வெற்று வளையம் தெரியும். சீழ்ப் புண்ணில் வரும் ஸ்டபிலோகொக்கஸ் போன்ற கிருமிகளுக்கு வளையம் பெரிதாக விழும். மூத்திரக் குழாயில் தொற்றும் ஈ-கோலை போன்றவை இன்னொரு வெளித்தோல் போர்த்தியவை, அவற்றுக்கு வளையம் சிறுத்துவிடும், சில நேரம் இல்லாமலே போய்விடும்.

ஆனால் அந்தத் தட்டில் வினாகிரி ஊற்றினாலும் வளையம் விழும். உப்பை அள்ளிப் போட்டாலும் கிருமி சாகும். கேள்வி எவ்வளவு ஊற்ற வேண்டும் என்பது. சல்பையிலும் ரோஸ்மேரியிலும் உள்ள கார்னோசிக் அமிலம் ஸ்டபிலோகொக்கஸை நிறுத்த ஒரு மில்லிலீற்றருக்குப் பத்துக்கணக்கான மைக்ரோகிராம் வேண்டும். உங்கள் மகனின் தொண்டையில் இருந்த ஸ்ட்ரெப்டோகொக்கஸை நிறுத்தப் பென்சிலினுக்கு ஒரு மைக்ரோகிராமின் நூறில் ஒன்றிரண்டு பங்கு போதும். கிருமி இரண்டும் வேறு என்றாலும் இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். தட்டில் நாம் நினைத்த அளவை ஊற்றலாம். நீங்கள் குடிக்கும் தேத்தண்ணி வயிற்றில் கரைந்து, ஈரலில் உடைந்து, இரத்தத்தில் கலந்து தொண்டைச் சதைக்குப் போய்ச் சேரும்போது அதில் மிஞ்சுவது கொஞ்சத்திலும் கொஞ்சம்.

"மருந்துக்கு அடங்காத பக்டீரியா" என்று நீங்கள் எழுதியதிலும் ஒரு உண்மை இருக்கிறது. சில கிருமிகள் அன்ரிபயோட்டிக்கை உள்ளே விட்டுவிட்டு, உடனே பம்ப் அடித்து வெளியே தள்ளிவிடும். லண்டன் ஆய்வாளர்கள் 2004இல் ரோஸ்மேரிச் சாற்றில், அந்தப் பம்பைக் கார்னோசிக் அமிலம் மந்தப்படுத்துவதைக் கண்டார்கள். ரோஸ்மேரியையும் இப்போது தாவரவியலாளர்கள் சால்வியா இனத்தில்தான் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஆய்வின் பொருளைக் கவனியுங்கள். அன்ரிபயோட்டிக்கோடு சேர்ந்து வேலை செய்கிறது என்பதுதான் அங்கே சுவாரஸ்யமானது. அதற்குப் பதிலாக என்று அவர்கள் சொல்லவில்லை. அதோடு, மகனுக்கு வந்த கிருமி அடங்காத கிருமியும் இல்லை. 80 வருடமாகப் பாவித்தும் பென்சிலினை எதிர்த்து நிற்கக் கற்றுக்கொள்ளாத, மருத்துவர்கள் ஆச்சரியப்படும் கிருமி அது.

அதற்காக எல்லாத் தொண்டை நோவுக்கும் அன்ரிபயோட்டிக் வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. பெரியவர்களுக்கு வரும் தொண்டை நோவில் பத்தில் ஒன்றுதான் இந்தக் கிருமியால் வருவது, பிள்ளைகளில் பத்தில் மூன்று அளவில். மிச்சம் பெரும்பாலும் வைரஸ். இருமல், மூக்கொழுகல், குரல் அடைப்பு இருந்தால் அநேகமாக வைரஸ்தான். இருமல் இல்லாமல் காய்ச்சல் 38க்கு மேல் போய், கழுத்துக் கழலை வீங்கித் தொட்டால் நொந்து, உள்நாக்குப் பக்கம் வெள்ளை படிந்திருந்தால் பஞ்சுக்குச்சிச் சோதனை வேண்டும். உங்கள் வைத்தியர் அதைச் செய்துதான் எழுதியிருக்கிறார்.

மருந்தைப் பாதியில் விட்டதால் என்ன ஆகும்? ஜேர்மனியில் அநேகமாக ஒன்றும் ஆகாது. பதறாதீர்கள். ஆனால் ஊரில் மாதா மாதம் பென்சிலின் ஊசி போடக் கிளினிக்குக்குப் போன பிள்ளைகளை உங்கள் வயதுக்காரர் பார்த்திருப்பீர்கள். தொண்டை நோவுக்குப் பின்னால் வந்த வாதக் காய்ச்சலால் இதய வால்வு பழுதான பிள்ளைகள் அவர்கள். இன்னும் மூன்று நாலு கிழமைக்கு மகனைக் கவனியுங்கள். மூட்டு ஒன்று மாறி ஒன்றாக வீங்கி நோவது, காலையில் முகம் ஊதியிருப்பது, மூத்திரம் வெறும் தேத்தண்ணி நிறத்தில் போவது, படி ஏற மூச்சு வாங்குவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

தொண்டைக்குச் சல்பை உண்மையில் செய்வது

இப்போது சல்பையின் பக்கம் நின்று பேசுகிறேன். தொண்டைக்கும் வாய்க்கும் அது நல்ல மருந்துதான், கொப்பளித்தால். அங்கே மருந்து இரத்தம் வழியாகச் சுற்றிவர வேண்டியதில்லை, நேரே புண்ணில் படுகிறது. வாழைப்பூ அரிந்த கையில் பிடிக்கும் துவர்ப்பு தெரியும்தானே, அதே வகைத் துவர்ப்பு சல்பை இலையிலும் இருக்கிறது. வீங்கிய தொண்டைத் தோலின் மேல் அது இறுக்கமாக ஒரு படலம் போல் படிகிறது. எரிவு அடங்குகிறது. வைரஸ் தொண்டை நோவு உள்ள 286 பேரிடம் செய்து 2006இல் வெளியான ஆய்வில், 15 சதவீதச் சல்பை ஸ்ப்ரே அடித்தவர்களுக்கு மருந்தில்லாத வெறும் ஸ்ப்ரே அடித்தவர்களைவிட இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே நோ குறைந்தது. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. மூலிகை ஆய்வுகளில் இப்படி ஒழுங்காகச் செய்தது அபூர்வம். ஆனால் குறைந்தது நோவு. கிருமி ஒழிந்ததா என்பது அங்கே கேள்வியே இல்லை.

கொப்பளிக்க இப்படிப் போடுங்கள். காய்ந்த இலை இரண்டரை கிராம், ஏறக்குறைய ஒரு மேசைக்கரண்டி, 100 மில்லிலீற்றர் கொதித்த தண்ணீரில் போட்டு மூடி வையுங்கள். மூடி முக்கியம். சமையலறை மணக்கிறது என்றால் மருந்து கூரைக்குப் போகிறது என்று அர்த்தம். பத்து நிமிடம் கழித்து வடித்து, சூடு ஆறியதும் நாளுக்கு மூன்று நாலு தடவை கொப்பளித்துத் துப்புங்கள். விழுங்க வேண்டியதில்லை. ஒரு கிழமைக்குள் மாறாவிட்டால் வைத்தியரிடம் போங்கள். மகனுக்கு 11 வயது, கொப்பளித்துத் துப்பத் தெரிந்த பிள்ளை. உப்புத் தண்ணியே அவனுக்குப் போதும். சல்பையை மருந்தாகக் குடிக்கக் கொடுப்பதை 18 வயதுக்குக் கீழ் ஐரோப்பிய மருந்து முகமை பரிந்துரைப்பதில்லை.

அன்ரிஒக்சிடன்ட் கணக்கு

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒட்சியேற்றம் என்று படித்தது நினைவிருக்கிறதா? இரும்பு துருப்பிடிப்பது, வெட்டின கத்தரிக்காய் கறுப்பது, நல்லெண்ணெய் காறிப்போவது எல்லாம் அதுதான். அதைத் தடுக்கிற பொருள் அன்ரிஒக்சிடன்ட். சல்பையில் ரோஸ்மரினிக் அமிலம், கார்னோசிக் அமிலம், கார்னோசோல் என்று தடுக்கக்கூடியவை நிறைய. அதில் சந்தேகமே இல்லை. இறைச்சியோடு சல்பை சேர்த்து சொசேஜ் செய்த பழைய ஐரோப்பியச் சமையற்காரருக்கு இந்தப் பெயர்கள் ஒன்றும் தெரியாது, ஆனால் கொழுப்பு சீக்கிரம் காறாது என்பது கைப்பழக்கத்தில் தெரிந்தது. இன்றைக்கும் உணவுப் பொதியைத் திருப்பிப் பாருங்கள், ஈ 392 என்று போட்டிருந்தால் ரோஸ்மேரியில் எடுத்த அதே கார்னோசிக் அமிலக் கூட்டுத்தான்.

கொழுப்பைக் காப்பாற்றியது மனிதரையும் அதே மாதிரிக் காப்பாற்றுமா என்றால், அங்கேதான் கணக்கு இடிக்கிறது. ரோஸ்மரினிக் அமிலத்தில் கொஞ்சம்தான் முழுசாக இரத்தத்தில் ஏறும், மிச்சத்தைக் குடல் கிருமிகள் உடைத்து வேறு பொருளாக்கிவிடும். உணவுகளின் அன்ரிஒக்சிடன்ட் வலிமையை எண்ணாகப் போட்ட ஒரு பெரிய பட்டியல் அமெரிக்க விவசாயத் திணைக்களத்திடம் இருந்தது. அந்த எண்ணுக்கும் உடம்பில் நடப்பதற்கும் சம்பந்தம் காட்ட முடியவில்லை, விற்கிறவர்கள் அதை விளம்பரத்துக்குப் பிழையாகப் பாவிக்கிறார்கள் என்று சொல்லி 2012இல் அவர்களே அதை எடுத்துவிட்டார்கள். அதற்கும் முன்பு பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,000க்கும் மேற்பட்ட ஆண்களில் ஒரு பகுதியினருக்கு பீட்டா கரோட்டின் என்ற அன்ரிஒக்சிடன்ட் குளிசை கொடுத்துப் பார்த்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது, குடித்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. நல்லது என்றால் இன்னும் கொஞ்சம் கூடக் குடித்தால் இன்னும் நல்லது என்ற எண்ணத்துக்கு விழுந்த அடி அது.

சல்பை தேத்தண்ணியையே மனிதருக்குக் கொடுத்துப் பார்த்த ஒரு போர்த்துக்கேய ஆய்வு 2009இல் வந்தது. 300 மில்லிலீற்றர், நாளுக்கு இரண்டு தடவை, நாலு கிழமை. கொழுப்பு அளவு கொஞ்சம் நல்ல பக்கம் திரும்பியது, இரத்த அணுக்களில் இயல்பாகவே உள்ள அன்ரிஒக்சிடன்ட் நொதிகளும் கூடின. மகிழ்ச்சியான முடிவுதான். ஆய்வில் இருந்தவர்கள் 40க்கும் 50க்கும் இடைப்பட்ட பெண்கள், உங்கள் வயதுதான். எத்தனை பேர் தெரியுமா? ஆறு பேர். உங்கள் சமையலறையில் ஒரு வேலை முறைக்கு நிற்கிறவர்களே அதைவிடக் கூட இருப்பார்கள்.

அந்தச் சின்னப் போத்தல்

இனி என்னை உண்மையில் உறுத்திய விஷயம். காய்ந்த சல்பை இலை நூறு கிராமில் இருக்கும் எண்ணெய் ஒன்றிலிருந்து இரண்டரை கிராம். நீங்கள் கொடுத்த இரண்டு துளி ஏறக்குறைய 60 மில்லிகிராம். அதாவது மூன்று நாலு கிராம் இலையில் உள்ள எண்ணெய் முழுவதும். தேத்தண்ணி போடும்போது எண்ணெயில் ஒரு பகுதிதான் தண்ணீருக்கு இறங்கும். இங்கே ஒன்றும் மிச்சமில்லாமல் முழுவதும் ஒரு தேக்கரண்டியில் போயிருக்கிறது, 11 வயது உடம்புக்குள். அந்த எண்ணெயில் கால் பங்கிலிருந்து பாதி வரை துஜோன் இருக்கலாம், கூடவே கற்பூரமும். பூசைத் தட்டில் இருக்கும் கற்பூரத்தைக் குழந்தை வாயில் வைத்தால் எப்படி ஓடிப்போய்ப் பிடுங்குவீர்கள்? அதே கற்பூரம்தான். பெரியவர்களுக்கே துஜோன் நாளுக்குச் சில மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சல்பை எண்ணெய் உள்ளே போய் ஒரு பச்சைக் குழந்தைக்கும் இன்னொரு சிறு பிள்ளைக்கும் வலிப்பு வந்ததைத் துருக்கி வைத்தியர்கள் 2011இல் எழுதியிருக்கிறார்கள்.

மகனுக்கு நெஞ்செரிவோடு போனது. ஒரு தடவைதான், அதுவும் நாளாகிவிட்டது, இனி அதனால் பயமில்லை. போத்தலை மருந்துக் கடையில் கொடுத்து அப்புறப்படுத்தச் சொல்லுங்கள், இல்லையென்றால் பூட்டி வையுங்கள். தேன் போத்தலுக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். எந்தப் பிள்ளையாவது இப்படி எதையாவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஜேர்மனியில் நச்சு அவசர இலக்கங்கள் பல நகரங்களில் 19240 என்று முடியும். உங்கள் பகுதிக்கான முழு இலக்கத்தைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள். வலிப்பு என்றால் நேரே 112.

மாமி, தங்கச்சி, நீங்கள்

மாமியிடம் இன்றைக்கே பேசுங்கள். அவர் எங்கேயோ கேள்விப்பட்டதும் முழுப் பொய் இல்லை. ஈரானில் சலரோகமும் கொழுப்பும் உள்ள 80 பேரில் பாதிப்பேருக்குச் சல்பைச் சாறு 500 மில்லிகிராம், நாளுக்கு மூன்று தடவை, மூன்று மாதம் கொடுத்ததில் சீனி இறங்கியது. ஆனால் அது செறிவாக்கி அளந்து கூட்டில் அடைத்த சாறு. நான் மேலே சொன்ன ஆறு போர்த்துக்கேயப் பெண்கள் குடித்தது தேத்தண்ணி, அவர்களுக்குச் சீனியில் ஒரு மாற்றமும் இல்லை. மாமி தேத்தண்ணியை நம்பிக் குளிசையை விட்டிருக்கிறார். குளிசை திரும்ப வர வேண்டும், வைத்தியரிடம் விடுபட்ட நாட்களைச் சொல்ல வேண்டும், மூன்று மாதச் சீனிச் சோதனை ஒன்று செய்ய வேண்டும். அதற்குப் பிறகு குளிசையோடு ஒரு கோப்பை சல்பை குடித்தால் நான் தடுக்கமாட்டேன், வீட்டில் சீனி பார்த்துக்கொண்டால் சரி. "குளிசை வேண்டாம்" என்று அவர் பிடிவாதம் பிடிப்பதற்குப் பின்னால் வயிற்றுப்போக்கு ஏதும் இருக்கிறதா என்று மெல்லக் கேட்டுப் பாருங்கள். மெட்போர்மின் என்ற சலரோகக் குளிசை குடிக்கிற எங்கள் அம்மாமார் பலர் அதை வெட்கத்தில் சொல்வதில்லை.

தங்கச்சி உடனே நிறுத்த வேண்டும். ஜேர்மனியில் பால் மறக்கடிக்க விரும்பும் தாய்மாருக்கு மருத்துவச்சிமார் சொல்லிக்கொடுப்பது என்ன தெரியுமா? சல்பையும் புதினாவும் போட்ட தேத்தண்ணி. இதற்குப் பெரிய ஆய்வு இல்லை, கைப்பழக்க அறிவுதான். ஆனாலும் பால் குறைகிறது என்று கவலைப்படுகிற ஒருவர் அதையே நாளுக்கு நாலு தடவை குடிப்பதில் என்ன நியாயம்? நிறுத்திவிட்டு, பிள்ளையை அடிக்கடி போட்டு, நிறையைப் பார்த்துக்கொண்டால் போதும். அப்புறம், அந்தக் குழந்தைக்கு ஒரு வயது வரும்வரை தேன் நாக்கில் தொட்டுக்கூட வைக்க வேண்டாம். கர்ப்பிணிகளும் வலிப்பு உள்ளவர்களும் சல்பையை மருந்தாகக் குடிக்கக் கூடாது. இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுப்பவர்கள் சீனக் கடைகளில் டான்ஷென் என்று விற்கும் சிவப்பு வேரைத் தொடவே வேண்டாம். அதுவும் சால்வியாதான், வார்ஃபரின் போன்ற குளிசையோடு சேர்ந்தால் இரத்தப்போக்கு வரும்.

உங்கள் விஷயத்தில் எனக்குச் சொல்ல நல்ல செய்தி இருக்கிறது. வேர்வைக்குச் சல்பை என்பது ஜேர்மன் வைத்தியத்தில் பழைய வழக்கம். சுவிஸில் மாதவிடாய் நிற்கும் பருவத்தில் உடம்பு கொதிக்கும் 71 பெண்களுக்குப் பச்சைச் சல்பைக் குளிசை கொடுத்துப் பார்த்தார்கள். நாலு கிழமையில் கொதிப்பு பாதியாகவும், எட்டுக் கிழமையில் 64 சதவீதமும் குறைந்தது. ஒரு குறை, ஒப்பிட்டுப் பார்க்க வெறும் குளிசை குடித்த கூட்டம் அங்கே இல்லை. கொதிப்பு வெறும் குளிசைக்கே கணிசமாகக் குறைகிற சங்கதி. இருந்தாலும் முயன்று பார்ப்பதில் தவறில்லை. ஐந்து ஆறு கோப்பை என்றால் இலை எட்டு ஒன்பது கிராம் வருகிறது. ஜேர்மன் நிபுணர் குழு சொன்ன நாளளவு நாலு முதல் ஆறு கிராம். ஆகவே இரண்டு மூன்று கோப்பைக்கு இறக்குங்கள், சில கிழமை குடித்தால் சில கிழமை விடுங்கள். இரும்புக் குளிசை எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதற்கும் தேத்தண்ணிக்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும், துவர்ப்பு இரும்பைப் பிடித்துவிடும். மாதவிடாய் அளவுக்கு மிஞ்சிப் போனாலோ, இடையில் இரத்தம் பட்டாலோ மகப்பேற்று வைத்தியரைப் பாருங்கள், அதைச் சல்பையில் போட்டு மறைக்க வேண்டாம்.

கடையில் வாங்கும்போது ஒரு சின்னக் கவனம். துருக்கிக் கடையில் அடாசாயி, அதாவது தீவுத் தேத்தண்ணி என்ற பெயரில் கட்டாகக் கிடைப்பது அநேகமாகச் சால்வியா ஃப்ருட்டிகோசா, கிரேக்கச் சல்பை. தடித்த இலை, வெள்ளைப் பஞ்சு போர்த்தியது, இலை தொடங்கும் இடத்தில் இரண்டு குட்டிக் காது. கசக்கினால் யூக்கலிப்டஸ் வாசம் தூக்கலாக இருக்கும். துஜோன் அதில் மிகக் குறைவு, நாளாந்தம் குடிக்க அதுதான் எனக்கும் பிடிக்கும். மருந்துக் கடைப் பொதியில் சால்வியா ஒஃபிசினாலிஸ் என்று போட்டிருப்பது டல்மேஷியக் கரையின் சாம்பல்பச்சைச் செடி, பூனை நாக்கைப் போலச் சொரசொரப்பான இலை. அதில்தான் துஜோன் கூட. உங்கள் பால்கனித் தொட்டியில் நிற்பது எது என்று நீங்கள் அனுப்பிய படத்தில் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. இலைக் காம்போடு ஒன்றைப் பறித்துக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்புங்கள், பிள்ளை வைத்தியர் மகனின் மூத்திரத்தைச் சோதிக்கக் கொடுத்திருந்தால் அந்த முடிவையும் சேர்த்து.